கைக்கு எவ்வளவு?

வில்கமுவவில் யானை வருவதை நாய் குரைப்பதில் அறியலாம், கிளை முறியும் சத்தத்தில் அறியலாம்; ஒதுங்கிக்கொள்ள நேரம் இருக்கும். சம்பளம் விசாரிப்பவருக்கு அப்படி முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. ஹெட்டிப்பொல பஸ் தரிப்பிடம், மரண வீட்டுப் பந்தல், ஆஸ்பத்திரி மருந்து வரிசை என்று எங்கேயும் பக்கத்தில் வந்து உட்காருவார். முதல் வசனம் மழையைப் பற்றி. இரண்டாவது பிள்ளைகளைப் பற்றி. மூன்றாவது, "கைக்கு எவ்வளவு வருது தம்பி?" அந்தக் 'கைக்கு' என்ற சொல்லில் அவருடைய புலமை முழுவதும் அடங்கியிருக்கிறது. மொத்தச் சம்பளம் என்பது ஊருக்குக் காட்டும் முகம் என்று அவருக்குத் தெரியும். தனியார் துறை என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அரச துறை என்றால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு, அதன்மேல் கடன் தவணை, நலன்புரிச் சங்கம் என்று எல்லாம் போய் மிஞ்சுவதுதான் அவருக்கு வேண்டும். நீங்கள் ஒரு தொகையைச் சொன்னால் அதிலிருந்து பின்னோக்கி நடந்து உங்கள் அடிப்படைச் சம்பளத்தைப் போய்ப் பிடிப்பார். அது உங்கள் சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகாவிட்டால், சீட்டை நீங்கள் சரியாக வாசிக்கவில்லை என்று பொருள்.

சிங்களம் பேசும் ஊர் என்பதால் கேள்வி பெரும்பாலும் "படி கீயத?" என்றே வரும். தமிழ்க் காதுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்களத்தில் படி என்றால் சம்பளம். நமக்கோ பஞ்சப்படி, பயணப்படி என்று சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது படி. அரசாங்கச் சம்பளப் பட்டியலை வாசித்தவர்கள் இரண்டு மொழியும் சரிதான் என்பார்கள். பாராளுமன்ற உறுப்பினரின் மாதக் கொடுப்பனவு 54,285 ரூபா என்று கேட்டு இரக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எரிபொருள், தொலைபேசி, அலுவலகம், அமர்வு என்று படிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்த பிறகுதான் அந்த இரக்கம் இறங்கியது. சம்பளம் விசாரிக்கும் நம்மவர் அப்படி ஏமாறுகிறவரில்லை. அடிப்படையை விட்டுவிட்டு மேலதிக நேரத்தையும் படிகளையும்தான் முதலில் கேட்பார். வருமான வரி எல்லை 2025 ஏப்ரலில் மாதம் 100,000 ரூபாவிலிருந்து 150,000 ஆக உயர்ந்தது அவருக்கு மனப்பாடம். யாராவது "என்ன செய்ய, வரி வேற வெட்டுறாங்க" என்று அலுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு அது முறைப்பாடாகக் கேட்கும். அவர் காதில் மட்டும் அது சம்பளப் பிரகடனமாக விழும்.

இவரைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்குவதே வழக்கம். அது அவசரத் தீர்ப்பு. இவர் காதோடு செய்வதை நாடு மேளதாளத்தோடு செய்கிறது. அதற்குச் 'சம்பள முரண்பாடு' என்று கௌரவமான பெயரும் சூட்டியிருக்கிறது. 2021இல் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து மூன்று மாதம் விலகி நின்றது, 24 ஆண்டுப் பழைய முரண்பாடொன்றைத் தீர்க்கச் சொல்லி. கூட நின்ற சேவைகள் முன்னே போய்விட்டன, நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்பதுதான் அந்த முறைப்பாட்டின் சாரம். 2024 ஜனவரியில் வைத்தியர்களின் 'டாட்' எனப்படும் மேலதிகக் கொடுப்பனவை 35,000இலிருந்து 70,000 ரூபாவாக்க அமைச்சரவை இணங்கியது. பெப்ரவரியில் மற்றச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அவர்கள் கேட்ட தொகையும் 35,000. பால்மா விலையையோ பஸ் கட்டணத்தையோ கூட்டிப் பார்த்து வந்த எண்ணாக அது தெரியவில்லை. பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்துக் கேட்ட எண்ணாகவே தெரிகிறது. அதே ஆண்டு மத்திய வங்கி தன் ஊழியர்களுக்கு ஏறத்தாழ 70 வீதம் கூட்டிக்கொண்டபோது பாராளுமன்றமே ஹெட்டிப்பொல பஸ் தரிப்பிடமானது. எனவே ஒரு தனி மனிதர் பையில் குடையும் வாயில் வெற்றிலையுமாக இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்வதைக் குற்றம் சொல்ல நாட்டில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

அவர் தவறுவது கேட்டதை அடுக்கும்போது. எல்லாத் தொழிலையும் ஒரே நிரையில் நிறுத்தி, பெரிய எண்ணுக்குக் கீழே சிறிய எண் என்று எழுதிவிடுகிறார். வயல்காரர் ஒருவர் இந்தப் பட்டியலில் எப்படி ஏறுகிறார் என்று பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் கிலோவுக்கு நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 ரூபா என்று உத்தரவாத விலை அறிவித்தது. இரண்டு ஏக்கரில் ஒரு போகத்துக்கு 3,600 கிலோ என்று வைத்துக்கொண்டால், நாட்டு நெல் விலைப்படி 432,000 ரூபா. "நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்! கந்தோரில இருக்கிற கிளார்க் இந்தக் காசை ஒண்ணா எண்ணியிருப்பாரா?" என்று அவர் கேட்கும்போது, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரே ஒரு கணம் தன்னைப் பணக்காரர் என்று நம்பிவிடுவார். போகம் என்பது ஆறு மாதம் என்று யாராவது நினைவூட்டினால் தொகை மாதம் 72,000 ஆகச் சுருங்கும். உழவு, விதை, பசளை, மருந்து, அறுவடை இயந்திரம் என்று பாதி போனால் 36,000. அதற்குப் பிறகு யானை. 1984இல் பிரகடனமான வஸ்கமுவ தேசிய பூங்காவின் ஓரத்தில் வயல் வைத்திருப்பவருக்கு யானையும் ஒரு கழிவுதான். ஆனால் எந்தச் சம்பளச் சீட்டிலும் அதற்கு ஒரு வரி ஒதுக்கப்படவில்லை. ஒரே இரவில் வெட்டப்படும், மேன்முறையீடு கிடையாது. தோடை மரத்தை யானை விரும்பாது என்பதால் வீட்டையும் பயிரையும் சுற்றித் தோடை நடும் திட்டமொன்று இந்தப் பக்கத்தில் நடக்கிறது. பழம் விற்றும் காசு வரும். நம்மவர் கேள்விப்பட்டால் அதை 'யானைப்படி' என்று தனியாகக் குறித்துக்கொள்வார். சம்பளம் என்ற சொல்லுக்குள்ளே சம்பா நெல்லும் உப்பளமும் இருப்பதாகச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் சிலர் கூறுவதுண்டு. அது மெய்யானால், சம்பா விளைவிப்பவர் ஒருவருக்கு மட்டும் சம்பளம் இல்லாமல் போனது மொழியின் குறும்பாகத்தான் இருக்க வேண்டும்.

இதே ஊர்களில் இன்னொரு ரகத்தவர் உண்டு. அவர் யாரிடமும் சம்பளம் கேட்டதில்லை, ஆனால் எல்லார் பணநிலையும் அவருக்கு அத்துப்படி: கடன் கொப்பி வைத்திருக்கும் கடைக்காரர். அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி, "எப்ப தருவீங்க?" சம்பளம் விசாரிப்பவர் ஒரு ஆயுள் முழுவதும் 'எவ்வளவு' என்று கேட்டுச் சேர்த்த அறிவைவிட, கடைக்காரரின் இந்த 'எப்ப' கூடுதலாக அறிந்து வைத்திருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. தொழிலுக்குத் தொழில் பணக்கவலை வேறுபடுவதற்குத் தொகை ஒரு காரணம். திகதி அதைவிடப் பெரிய காரணம். அரச உத்தியோகத்தருக்கு 25ஆம் திகதியை ஒட்டி விடியும், 15ஆம் திகதிக்குப் பிறகு இருட்டும். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. மேசன் பாஸுக்கு அன்றன்று மாலை விடியும்; மழை பெய்தால் அன்று முழுவதும் இரவு. வயல்காரருக்குப் பெரும்போகத்தில் ஒரு விடியல், சிறுபோகத்தில் ஒரு விடியல், தண்ணீர் இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒன்றே. இந்த நான்கு பேரின் ஆண்டு வருமானமும் சரிசமமாக இருந்தாலும், நான்கு பேரும் தூக்கம் வராமல் புரளும் இரவுகள் வேறு வேறு. 1776இல் அடம் ஸ்மித் இதைத் தொட்டிருக்கிறார்: கூலி வேறுபடுவதற்கு அவர் தந்த ஐந்து காரணங்களில் ஒன்று வேலை தொடர்ந்து கிடைக்கிறதா என்பது. பனியிலும் மழையிலும் கொத்தனார் சும்மா இருக்க வேண்டியிருப்பதால், வேலை கிடைக்கும் நாளில் அவர் பெறும் கூலி சும்மா இருந்த நாளுக்கும், அந்த நாளின் மனக்கலக்கத்துக்கும் சேர்த்தே பெறுவது என்றார். நம் ஊர்க்காரர் அந்தக் கூலியை முப்பதால் பெருக்கி, "பாஸ்மாருக்கு மாசம் லட்சம் கிடைக்குது" என்று முடித்துவிடுகிறார். ஸ்கொட்லாந்துக்காரரான ஸ்மித்துக்கு அங்கத்து மழை ஞாபகமிருந்தது. இவருக்கு மழை முதல் வசனத்திலேயே முடிந்துபோகிறது.

திகதியின் பலம் தெரிய வேண்டுமானால் அது தவறும் நாளைப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில் திறைசேரி வறண்டிருந்தபோது, மற்ற அரச ஊழியர்களுக்கு உரிய நாளிலும் நிறைவேற்றுத் தர உத்தியோகத்தர்களுக்குச் சில நாள் பிந்தியும் சம்பளம் கொடுக்க அமைச்சரவை முடிவு செய்தது. ஒரு சதமும் குறையவில்லை, பிந்தியது நாள் மட்டுமே. ஆனாலும் அது நாட்டுச் செய்தியானது. வீட்டுக் கடன், வாகனக் கடன், பிள்ளையின் வகுப்புக் காசு என்று ஒவ்வொன்றையும் 25ஆம் திகதியின் கழுத்தில் கட்டிவிட்ட பிறகு அந்தத் திகதி நொண்டினால் பெரிய அதிகாரிக்கும் கடன் கொப்பி நினைவுக்கு வரும். கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் என்று அரசாங்க வேலையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் சொன்னவர்கள் சம்பளத்தின் பருமனைக் கண்டு சொல்லியிருக்க மாட்டார்கள். கோழிக்காரரின் திகதி தவறாது என்பதையே சொல்லியிருப்பார்கள். திகதி தவறாதவரை வங்கிக்குப் பிடிக்கும். அவருக்குக் கடன் கிடைக்கும். அதோடு மற்றவர்கள் கடன் வாங்கும்போது பிணை நிற்கும் பாக்கியமும் கிடைக்கும். இரண்டு அரச உத்தியோகத்தர் பிணை என்று படிவத்தில் அச்சடித்திருக்கும் நாட்டில், ஒரு கிராமத்துக் கிளார்க்கின் கையெழுத்து அவர் சம்பளத்தைவிடப் பெறுமதியானது. மச்சானின் உழவு இயந்திரம், மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியின் ஆட்டோ, பழைய மாணவனின் கோழிப் பண்ணை என்று எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கும், எதிலும் அவருக்கு ஒரு இருக்கையோ ஒரு முட்டையோ இருக்காது. தன் திகதியைக் கொடுத்து மற்றவர்களின் திகதியில்லாமையைத் தாங்குகிற இந்த மனிதரைப் பார்த்துத்தான் நம்மவர், "அவருக்கென்ன, மாசம் பிறந்தா காசு" என்கிறார்.

வயல்காரருக்கு நேர்வதோ தலைகீழ். அவரிடம் பொருள் இருக்கும், திகதி இருக்காது. நெற்சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்கும் நெல்லுக்கே உத்தரவாத விலை கொடுக்கும். காய வைக்க வெயில் வேண்டும், களம் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் நான்கைந்து நாள் வேண்டும். பசளைக் கடைக்காரரும் அறுவடை இயந்திரக்காரரும் வரம்பிலேயே வந்து நிற்கும்போது அந்த நான்கைந்து நாளை யார் கொடுப்பார்? லொறியோடு வருகிறவர் ஈர நெல்லைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறார். விலையில் விழும் அந்த வித்தியாசம் நெல்லின் தரத்துக்கான தண்டனை என்று சொல்லப்படும். உண்மையில் அது பொறுத்திருக்க முடியாதவர் கட்டும் வரி. ஹெக்டெயருக்கு 25,000 ரூபா பசளை மானியம் வங்கியில் விழும் நாளும், பயிர் பசளை கேட்கும் நாளும் ஒன்றாக வருவதில்லை என்பது விவசாயிகளின் பழைய முறைப்பாடு. அங்கேயும் தொகையில் குறை சொல்பவர்களைவிட நாளில் குறை சொல்பவர்களே அதிகம்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. திகதி பற்றிய பேச்செல்லாம் ஓரளவு உள்ளவர்களின் சொகுசு; குறைந்த சம்பளம் எந்தத் திகதியில் வந்தாலும் குறைந்த சம்பளம்தானே? மெய்தான். ஹெட்டிப்பொலவிலிருந்து பல்லேகம வழியாக ரிவர்ஸ்டன் மேட்டைத் தாண்டினால் ரத்தோட்டைத் தோட்டங்கள் வரும். அங்கே கொழுந்து எடுப்பவரிடம் 10ஆம் திகதி தவறாமல் வருகிறது என்று ஆறுதல் சொல்லிப் பாருங்கள். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப் பேர்' போடுவார்கள். முழு நாள் மலையில் நின்றவருக்கு அரைநாள் கூலி. ஆனால் அவர்களுடைய கூலிப் போராட்டத்தையே எடுத்துப் பார்த்தால், 'எவ்வளவு' என்பதன் வயிற்றுக்குள்ளும் 'எப்ப' ஒளிந்திருப்பது தெரியும். நாளுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை 2015 அளவில் எழுந்தது. அப்போது அது ஏறக்குறைய ஏழு அமெரிக்க டொலர். வர்த்தமானியில் அது ஏறியது 2021 மார்ச்சில். அதற்குள் ஐந்து டொலராகியிருந்தது. அடுத்த ஆண்டு ரூபா சரிந்தபோது மூன்று டொலர்கூடத் தேறவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது, உணவுக்கு 95 வீதத்தை நெருங்கியது. கேட்ட எண் அப்படியே கிடைத்தது, ஒரு ரூபாகூடக் குறையாமல். பிந்தியதால் வந்தது வேறு பணம். 2026 ஜனவரியிலிருந்து என்று வரவுசெலவுத் திட்டம் சொன்ன 1,750 ரூபாவும், அதாவது 1,550 நாட்கூலியும் அரசாங்கத்தின் 200 ரூபா வரவு ஊக்குவிப்பும், இந்த அளவுகோலிலேயே நிறுக்கப்பட வேண்டும்.

இப்படி விசாரிப்பதே மனதுக்குக் கேடு என்று இன்னொரு மறுப்பு. அதற்கு ஆதாரமும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு, சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்கக்கூடிய இணையத்தளம் ஒன்று இருப்பதைத் தெரிவித்து ஆய்வாளர் சிலர் விளைவைக் கவனித்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. தம் பிரிவில் நடுத்தொகைக்குக் கீழே இருந்தவர்கள் மனம் நொந்து வேறு வேலை தேடலாமா என்று யோசித்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடவில்லை. ஒப்பிடுதல் என்பது தோற்றவரிடம் மட்டும் பணம் பிடுங்கும் சூதாட்டம் என்று இதை வாசிக்கலாம். ஆனால் தெரியாமல் இருப்பதன் ஆதாயம் யாருக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவானது, 2026 ஜனவரியில் 30,000. ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை சுமக்கும் பையனுக்கு அதை முதலாளி ஓடிவந்து சொல்லப்போவதில்லை. "உனக்கு இவ்வளவா? சட்டப்படி இவ்வளவு வரணுமே மல்லி" என்று சொல்லப்போகிறவர் நம்மவர்தான். மனம் நோகும், ஆனால் அடுத்த மாதம் கேட்பதற்கு வாய் வரும். தொழில் திணைக்களத்தின் அறிவித்தல் பலகை சாதிக்காததை வெற்றிலை வாய் சாதிக்கிறது.

கொரியாவுக்குப் போனவர்கள் விடயத்தில் மட்டும் அவர் கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டு வழிபடத் தொடங்குகிறார். அங்கே 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன். மாதத்துக்கு ஏறத்தாழ 21 லட்சம் வொன். நம் காசில் நாலு லட்சத்தைத் தாண்டும். தொகையும் பெரிது, திகதியும் தவறாது. ஆனால் வேலை ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் மொழிப் பரீட்சை, காத்திருப்பு. அதற்குப் பின் ஊரில் கட்டிய மாடி வீடும் வேலையில்லாத முப்பத்தைந்து வயதும். அந்த நாலு லட்சத்தை வாழ்நாளில் பரப்பிப் பார்க்க அவர் விரும்புவதில்லை. வயல்காரரின் ஆறு மாதக் காசை ஒரு மாதக் காசாகப் பார்த்த அதே கண், இவருடைய ஐந்து ஆண்டுக் காசை ஆயுள் காசாகப் பார்க்கிறது.

எல்லார் சம்பளமும் தெரிந்த இவருடைய சம்பளம் மட்டும் யாருக்கும் தெரியாது. துணிந்து கேட்டால், "நமக்கென்ன, சாப்பாட்டுக்குக் குறைவில்ல" என்று சொல்லி எழுந்து குடையை விரித்துவிடுவார், வெயிலோ மழையோ. எண் வெளியே வராது. ஆனால் கடைக்காரருக்கு அந்த எண் தேவைப்படுவதில்லை. 26ஆம் திகதி காலையில் இவர் நேர் வீதியால் வந்து, கடை வாசலில் நின்று, நாலு பேர் பார்க்கக் கணக்கைத் தீர்த்து, அரைக் கிலோ நெத்தலியும் வாங்கிப் போவதை அவர் கண்டிருக்கிறார். 12ஆம் திகதி தொடக்கம் அதே மனிதர் வீதியை விட்டு வாய்க்கால் கரையால் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதையும் கண்டிருக்கிறார்.